முதலை மேல போட்ட கல்லு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம அக்கா பையனக் கூட்டிகினு அமிர்தி போயிருந்தேன். வேலூர்க்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல, மத்தவங்களுக்கு சொல்றேன், வேலூர்ல இருந்து கணியம்பாடி வழியா உள்ள போனா ஒரு 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலை அடிவாரம், ஃபாரஸ்ட்காரங்க 1967ல ஆரம்பிச்ச சின்ன மிருகக்காட்சி சாலை, அதத் தாண்டி மேல நடந்தா ஒரு அருவி. மழை நல்லா பேஞ்சா அருவி, பேயலைனா வெறும் பாறை. எங்க ஊரு ஆளுங்களுக்கு ஊட்டி, கொடைக்கானல்லாம் கல்யாணம் ஆன புதுசுல ஒருவாட்டி, மத்தபடி ஏலகிரி, அமிர்தி, அவ்ளோதான் டூரு.

பையனுக்கு 7 வயசு. வண்டில போகும்போதே முன்னாடி உக்காந்துகினு "மாமா சிங்கம் கீதா, புலி கீதா"ன்னு ஒரே நச்சரிப்பு. "அதெல்லாம் இல்லடா, மான் கீது, மயில் கீது, முதலை கீது"ன்னேன். முதலைன்னதும் கொஞ்சம் சமாதானம் ஆனான்.

முதலை கரையில படுத்திருந்துச்சு. வாய ஆன்னு தொறந்து வெச்சிகினு, அசைவே இல்ல. பக்கத்துல ஒரு குடும்பம், புருசன் பொண்டாட்டி ரெண்டு பசங்க, அந்த ஆளு தன் பையனாண்ட "டேய் இது பொம்மைடா, சிமென்ட்ல செஞ்சி வெச்சிகீறானுங்க"ன்னு சொல்லிட்டு கீழ குனிஞ்சி ஒரு சின்ன கல்லு எடுத்து போட்டாரு. கழுத்துக்கு பின்னாடி பட்டுச்சு. காஞ்ச தேங்கா ஓட்டு மேல பட்டா வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். முதலை அசையல. ஆனா நான் அது கண்ணையே பாத்துகினு இருந்தேன், கண்ணு மேல பக்கவாட்டுல இருந்து ஒரு மெல்லிசான தோலு, பால் கவர் மாதிரி, மெதுவா வந்து மூடிட்டு திரும்ப விலகுச்சு. அவ்ளோதான் அது காட்டுன எதிர்ப்பு.

வாட்சர் ஒருத்தர் எங்கியோ இருந்து பாத்துட்டு ஓடியாந்தாரு. "யோவ், உன் மேல ஒருத்தன் கல்லு போட்டா சும்மா இருப்பியா நீ"ன்னு ஒரு சத்தம். அந்த ஆளு சிரிச்சிகினே, "இல்லண்ணா, உயிரோட கீதான்னு பாத்தேன், காசு குடுத்து வந்துகீறோம், அது படுத்துகினே கீது"ன்னாரு.

கெட்ட மனுசன் இல்ல அவரு. அப்பறம் அருவிக்கு போற வழியில எங்க பையன் தடுக்கி விழுந்தப்ப மொதல்ல ஓடியாந்து தூக்குனது அவருதான். அதனாலதான் அந்த வார்த்தை இன்னும் மனசுல ஒட்டிகினு கீது. காசு குடுத்து வந்துகீறோம்.

எனக்கு அவர திட்டணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, வரல. ஏன்னா ஒம்போது வயசுல நானும் ஒரு முதலை மேல கல்லு போட்டவன்தான். இதே மாதிரி ஒரு தொட்டி, இதே மாதிரி ஒரு சுவரு. கல்லு எடுத்து என் கையில குடுத்ததே எங்க நைனா. "போட்டு பாரு, உயிரோட கீதா இல்லையா தெரியும்." என் கல்லு குறி தப்பி தண்ணில விழுந்துச்சு, நைனா போட்டது பட்டுச்சு, முதலை சடார்னு தண்ணிக்குள்ள போச்சு, நாங்க ரெண்டு பேரும் கை தட்டுனோம். எங்க நைனா வாழ்க்கையில ஒரு நாயக் கூட அடிச்சவரு இல்ல. செத்து ஆறு வருசம் ஆவுது.

முதலை ஏன் வாயத் தொறந்துகினு கெடக்குதுன்னு ரொம்ப நாள் கழிச்சிதான் தெரிஞ்சிகிட்டேன். அதுக்கு வேர்வை கெடையாது, ஒடம்பு சூட்ட வெயில்லயும் தண்ணிலயும் மாறி மாறி போயி சரி பண்ணிக்கணும், வாயத் தொறந்து வெச்சா தலை பக்கம் சூடு எறங்கும். அசையாம கெடக்கறது சோம்பேறித்தனம் இல்ல, அது பொழப்பே அதுதான். ஒருவாட்டி நல்லா தின்னா பல நாள் தாங்கும், எதுக்கு சும்மா அலையணும்? அதாவது அந்த முதலை அன்னிக்கு ஒரு முதலை செய்யவேண்டிய வேலைய கரெக்டா செஞ்சிகினு இருந்துச்சு. நமக்குத்தான் பத்தல.

முதலைன்னா எங்க ஊர்ல ஒரு பழைய கதை கீது. கோட்டை அகழியில அந்த காலத்துல முதலைங்கள விட்டு வெச்சிருந்தாங்களாம், எதிரி நீந்தி வராம இருக்க. ஆயிரம்னு சொல்றவங்களும் உண்டு, பத்தாயிரம்னு சொல்றவங்களும் உண்டு, யாரும் எண்ணிப் பாக்கல. வேலூரப் பத்தி கிண்டலா சொல்றதுல ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறுன்னு வரும். சாமி 1981ல திரும்ப வந்துட்டாரு, பாலாறு எப்பவாச்சும்தான் வருது. ஆனா ராஜா இல்லாத கோட்டைன்றது எனக்கு எப்பவும் இடிக்கும், ராஜாங்களக் கொண்டாந்து அடைச்சி வெச்ச கோட்டை இது. திப்பு செத்தப்பறம் அவரு குடும்பத்த இங்கதான் வெச்சிருந்தாங்க. கண்டி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன 1816ல இங்க கொண்டாந்தாங்க, 1832ல இங்கயே செத்தாரு, முத்து மண்டபம் பாலாத்தங்கரையில இன்னும் கீது. அரண்மனை மாதிரி எடம், சோறு, வேலையாளு எல்லாம் குடுத்துதான் வெச்சிருந்தாங்க. அப்பறம் சென்ட்ரல் ஜெயில் வேற. வேலூர்னு சொன்னா வெளியூர்க்காரன் மொதல்ல சிஎம்சியக் கேப்பான், ரெண்டாவது ஜெயிலக் கேப்பான். அடைச்சி வெக்கறதப் பத்தி பேச எங்கள விட்டா ஆளு கெடையாது.

சரி, சர்க்கஸுக்கு வரேன், அதுதான் நான் எழுதணும்னு உக்காந்தது.

1990 வாக்குல கோட்டை மைதானத்துல ஒரு சர்க்கஸ் கூடாரம் போட்டாங்க. நைனா அப்ப டெம்போ ஓட்டிகினு இருந்தாரு, பேர்ணாம்பட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் தோலு லோடு. சர்க்கஸ் இருந்த வரைக்கும் தெனம் யானைங்களுக்கு சோளத்தட்டு ஏத்திகினு வர்ற வேலையும் கெடச்சது. நானும் லீவு நாள்ல தட்டு மேல உக்காந்துகினு போவேன். அதனால ஊர்ல எந்த பையனும் பாக்காத எடத்த நான் பாத்தேன், கூடாரத்துக்கு பின்பக்கம்.

முன்பக்கம் கலர் லைட்டு, பேண்டு சத்தம். பின்பக்கம் மூத்தர வாடை, ஈரமான மரத்தூளு, துவைச்சி காயப்போட்ட ஜிகினா டிரெஸ்ஸு. சிங்கத்த ஒரு சக்கரம் வெச்ச கூண்டுல வெச்சிருந்தாங்க, நைனா டெம்போ தொட்டிய விட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். நாலு அடி வெக்கும், தலைய ஒரு ஆட்டு ஆட்டும், திரும்பும், நாலு அடி. திரும்பும்போது ஒவ்வொருவாட்டியும் அதே கம்பியில மூக்கு ஒரசும். அந்த எடத்துல மூக்கு மேல முடியே இல்ல, தோலு உரிஞ்சி ரோஸ் கலர்ல ஒரு புண்ணு, அது மேல ஈ. கீழ பலகை கூட அந்த நாலு அடி தடத்துல தேஞ்சி வழவழன்னு இருந்துச்சு. நைனா தட்டு எறக்குற வரைக்கும் எண்ணிகினே நின்னேன், எரநூறு வரைக்கும் எண்ணிட்டு அப்பறம் வுட்டுட்டேன்.

அங்க கூண்டு கழுவிகினு இருந்த ஒரு அண்ணன், மலையாளத்துக்காரரு, என்னப் பாத்துட்டு "இவன் பொறந்ததே கூண்டுலதான் மோனே, காடுன்னா என்னான்னே இவனுக்கு தெரியாது"ன்னாரு. நான் பாவம்னு சொன்னேனோ என்னமோ, அவரு சிரிச்சாரு. "நான் கண்ணூர்ல இருந்து வந்து இருபது வருசம், எனக்கும் ஊரு மறந்துபோச்சு, ரெண்டு பேருக்கும் ஒரே டென்ட்டுதான்."

அன்னிக்கு ராத்திரி ஷோவுக்கு நைனாவுக்கு ஓசி டிக்கெட்டு. அதே சிங்கம் ஸ்டூல் மேல ஏறி உக்காந்துச்சு, நெருப்பு வளையத்துல தாண்டுச்சு, சாட்டை சத்தம் படார்னு கேட்டதும் கர்ர்ருன்னு வாயப் பொளந்துச்சு. நான் மத்தவங்கள விட ஜாஸ்தியாவே கை தட்டுனேன். சாயங்காலம் பாத்த மூக்குப் புண்ணு ராத்திரி லைட்டுல தெரியல. தெரிஞ்சிருந்தா கை தட்டாம இருந்திருப்பனான்னு கேட்டா, சத்தியமா சொல்றேன், தட்டியிருப்பேன்.

அந்த நாலு அடி நடை ஒரு சிங்கத்தோட கிறுக்கு இல்ல, ஒலகம் பூரா கூண்டுல இருக்கற பெரிய மிருகங்க நெறைய பண்றதுதான். ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன்னு ரெண்டு பேரு 2003ல நேச்சர் பத்திரிகையில ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. காட்டுல எந்த மிருகம் ரொம்ப தூரம் சுத்துமோ, கூண்டுல அதுதான் ஜாஸ்தியா இப்பிடி அங்கியும் இங்கியும் நடக்குது, அதோட குட்டிங்கதான் ஜாஸ்தியா சாவுதுன்னு கண்டுபுடிச்சாங்க. துருவக்கரடிக்கு மிருகக்காட்சி சாலையில குடுக்கற எடம் காட்டுல அது சுத்தற எடத்துல பத்து லட்சத்துல ஒரு பங்குன்னு ஒரு கணக்கு அதுல வரும். பத்து லட்சத்துல ஒண்ணு. வேலூர் பூரா சுத்திகினு இருந்த ஒருத்தன புடிச்சி ஒரு பெட்டிக்கடையில பாதியில நிக்க வெச்சா எப்பிடி இருக்கும்னு கற்பனை பண்ணிக்கோங்க, கணக்கு சரியா வராது, சும்மா ஒரு இதுக்கு சொல்றேன்.

அந்த சிங்கத்த நான் பாத்து கொஞ்ச நாள்லயே, 1991ல மத்திய அரசு சர்க்கஸ்ல கரடி, புலி மாதிரி சில மிருகங்கள வித்தை காட்ட பழக்கக்கூடாதுன்னு ஒரு அறிவிப்பு போட்டுச்சு. சர்க்கஸ்காரங்க கோர்ட்டுக்கு போனாங்க, இழுத்துச்சு. 1998 அக்டோபர்ல திரும்ப ஒரு அறிவிப்பு, கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இந்த அஞ்சுக்கும் தடை. திரும்பவும் கோர்ட்டு. 2000 ஜூன்ல கேரளா ஹைகோர்ட் அது செல்லும்னு சொல்லுச்சு, 2001 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டும் சரின்னுடுச்சு. கேரளா தீர்ப்புல ஒரு எடம் எனக்கு ரொம்ப புடிக்கும், சட்ட உரிமை மனுசனுக்கு மட்டும் சொந்தம் கெடையாது, மனுசன்லாம் ஒரு பக்கம் மத்த உயிரெல்லாம் ஒரு பக்கம்னு நடுவுல நிக்கற தடியான சட்டச் சுவர இடிக்கணும்ன்ற மாதிரி எழுதியிருப்பாங்க. நம்ம நாட்டு சர்க்கஸுக்கு தொட்டில்னு பேரு வாங்குன ஊரு தலச்சேரி, அந்த கேரளாவுல இருந்தே இந்த தீர்ப்பு வந்தது ஒரு வேடிக்கை. யானை அந்த அஞ்சுல இல்ல, அதனால யானை இன்னும் பல வருசம் ஃபுட்பால் ஆடிகினு இருந்துச்சு.

தடை வந்தாச்சு, சரி, சிங்கங்க எங்க போச்சு? இத நம்ம ஆளுங்க யாரும் கேக்கறதில்ல. காட்டுக்கு அனுப்ப முடியாது. வேட்டையாடத் தெரியாது, அதுவும் இல்லாம சர்க்கஸ்ல ஆப்பிரிக்கா சிங்கத்தையும் நம்ம நாட்டு கிர் சிங்கத்தையும் கலந்து கலந்து குட்டி போட வெச்சி அது எந்த காட்டுக்கும் சொந்தமில்லாத சிங்கமா ஆயிடுச்சு. அதனால மீட்பு மையம்னு சில எடத்துல கட்டி அங்க கொண்டு போய் வெச்சாங்க. அதுல ஒண்ணு திருப்பதியில, 1987ல ஆரம்பிச்ச அந்த வெங்கடேஸ்வரா ஜூவ ஒட்டி. எங்க ஊர்ல இருந்து சித்தூர் வழியா 100 கிலோமீட்டர் சொச்சம். மொட்டை போட்டுகினு லட்டு வாங்கிகினு வர்ற ஜனங்களுக்கு, அலிபிரிக்கு கொஞ்ச தூரத்துல ரிட்டயர் ஆன சர்க்கஸ் சிங்கங்க இருந்துச்சுன்னு தெரியாது. மீட்பு மையத்துல டிக்கெட்டு கெடையாது, பாக்க வுட மாட்டாங்க. குட்டி போட வுட மாட்டாங்க. வேளாவேளைக்கு கறி போடுவாங்க, வைத்தியம் பாப்பாங்க, வயசாயி அதுவா ஒண்ணொண்ணா சாவும். அவ்ளோதான் திட்டம்.

நான் பாத்த சிங்கம் அது வரைக்கும் உயிரோட இருந்துச்சான்னு தெரியாது. ஆனா ஒவ்வொருவாட்டி திருப்பதி போயிட்டு வரும்போதும் அந்த பக்கம் திரும்பி பாக்கறது ஒரு பழக்கம் ஆயிடுச்சு.

யோசிச்சி பாத்தா அந்த மையமும் கூண்டுதான், சர்க்கஸும் கூண்டுதான், கம்பி ரெண்டுலயும் ஒரே இரும்பு. ஒண்ணுல சிங்கம் படுத்தா சாட்டை வரும், இன்னொண்ணுல படுத்தா படுக்க வுட்டுடுவாங்க. எனக்கு இந்த விசயத்துல இருக்கற ஒரே தெளிவு இதுதான், மத்ததெல்லாம் கொழப்பம்தான்.

கொழப்பம்னா எப்பிடின்னு சொல்றேன். கிளி ஜோசியம். எங்க பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்ன வயசுல வரிசையா உக்காந்திருப்பாங்க. றெக்கை வெட்டுன பச்சைக்கிளி, கூண்டுல இருந்து வெளிய வரும், சீட்ட எடுக்கும், ஒரு நெல்லு வாங்கும், அதுவா திரும்ப உள்ள போவும். அந்த "அதுவா உள்ள போறது" இருக்கே, அதப் பாத்தா சர்க்கஸ் சிங்கத்த விட எனக்கு வயித்த கலக்கும். பச்சைக்கிளி நம்ம நாட்டு காட்டுப் பறவை, புடிச்சி வெக்கறதே குத்தம். 2024 எலெக்சன் டைம்ல கடலூர்ல ஒரு ஜோசியக்காரர் கிளி ஒரு வேட்பாளர் படத்த எடுத்துக் குடுத்து ஜெயிப்பாருன்னு சொல்லுச்சு, வீடியோ பரவுச்சு, ஃபாரஸ்ட்காரங்க வந்து ஜோசியக்காரரையே புடிச்சிட்டாங்க. வேட்பாளர் தோத்துட்டாரு, அது வேற. சட்டப்படி சரிதான். ஆனா ஊரு பூரா வீட்டு பால்கனியில கிளி வளக்கறவன் ஒருத்தனையும் புடிக்கல, பாயப் போட்டு உக்காந்தவரப் புடிச்சாங்க. கிளி பக்கமும் பாவம் ஜோசியக்காரர் பக்கமும் பாவம், ரெண்டு பாவத்தையும் ஒரே நேரத்துல எப்பிடி வெச்சிக்கறதுன்னு எனக்கு தெரியல.

கரடி ஆட்டம் வடக்க ஜாஸ்தி. கலந்தர்னு ஒரு ஜனம் தலைமுறை தலைமுறையா செஞ்சிகினு வந்தது, மூக்க ஓட்டை போட்டு கயிறு கட்டி. 2009 கடைசியில அது ஒருவழியா நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னா கரடிய வாங்கிகினு அந்த குடும்பங்களுக்கு வேற பொழப்புக்கு காசு குடுத்தாங்க, பசங்கள பள்ளிக்கூடத்துல சேத்தாங்க. எங்க ஊரு குரங்காட்டிக்கு யாரும் ஒண்ணும் குடுக்கல. ஒரு நாள்ல இருந்து ஆளக் காணோம், அவ்ளோதான்.

அப்பறம் யானை. இத எழுதுனா எங்க ஆயா இருந்திருந்தா வெளக்கமாத்த எடுத்திருப்பாங்க. ஆயாவுக்கு திருவண்ணாமலைன்னா உசுரு, பௌர்ணமிக்கு பௌர்ணமி பஸ் ஏறிடுவாங்க, கிரிவலம் முடிச்சிட்டு கோயில் யானை ருக்குகிட்ட ஆசீர்வாதம் வாங்கலைனா போன மாதிரியே கெடையாது. என் தலையிலயும் ருக்கு தும்பிக்கை வெச்சிகீது. கனமா இருக்கும்னு பயந்துகினே நின்னேன், ஈரத்துணி வெச்ச மாதிரி லேசா வெச்சி எடுத்துச்சு, மூச்சு சூடா நெத்தியில பட்டுச்சு. 2018 மார்ச்ல அது செத்தப்ப ஊரே அழுதுச்சு, உண்மையாவே அழுதுச்சு, அந்த அழுகையில பொய் இல்ல. ஆனா யானை கூட்டமா வாழற ஜீவன். அம்மா, சித்தி, பாட்டின்னு பொம்பளைங்க சேந்து குட்டி வளக்கற குடும்பம். அத ஒத்தையில கருங்கல் தரையில சங்கிலி போட்டு நிக்க வெச்சி, நாள் பூரா தும்பிக்கைய தூக்கி தூக்கி காசு வாங்க வெக்கறோம். பக்தின்னு சொல்றோம். ஆயாவுக்கு அது பக்திதான். யானைக்கு அது என்னான்னு யானையதான் கேக்கணும்.

2008ல சயின்ஸ் பத்திரிகையில ஒரு கணக்கு வந்துச்சு, ஐரோப்பா ஜூங்கள்ல பொறந்த ஆசிய பொட்டை யானைங்களோட மீடியன் ஆயுசு, அதாவது பாதி யானைங்க செத்துப்போற வயசு, 18.9 வருசம், மியான்மர்ல மரம் இழுக்கற யானைங்களுக்கு 41.7. மொதல்ல படிச்சப்ப மாத்தி படிச்சிட்டமோன்னு திரும்ப படிச்சேன். மரம் இழுத்து கஷ்டப்படற யானை, ஒக்கார வெச்சி சோறு போடற யானைய விட ரெண்டு மடங்குக்கு மேல உயிரோட கீது. மியான்மர்ல வேலை முடிஞ்சா ராத்திரி காட்டுல அவுத்து வுட்டுடுவாங்க, அதுவா மேயும், மத்த யானைங்களோட சேரும். நடக்கறதும் சொந்தக்காரங்களும் இருந்தா ஒழைப்பு கூட தாங்கிக்கும் போல. இது மனுசங்களுக்கும் பொருந்தும், கல்ஃப் போயிட்டு வந்த எங்க தெரு ஆளுங்களக் கேட்டா சொல்லுவாங்க.

இங்க யாராச்சும் "அப்ப எருது விடற விழா மட்டும் சரியா"ன்னு கண்டிப்பா கேப்பீங்க, தை மாசம் ஆனா எங்க பக்கம் ஊருக்கு ஊரு மாடு விடறதுதான், நானும் மூங்கில் தடுப்பு மேல ஏறி நின்னு கத்தறவன்தான். 2011ல அதே சர்க்கஸ் லிஸ்ட்டுலதான் காளையையும் சேத்தாங்க, அத வெச்சிதான் 2014ல சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டுக்கு தடை போட்டுச்சு. மாடு வீட்டு ஜீவன், சாயங்காலம் அது கொட்டாய்க்கு அதுவா வரும், இது காட்டு மிருகத்த பத்தின கட்டுரை. தப்பிக்கறேன்னு நெனச்சா நெனச்சிக்கோங்க, அத உள்ள இழுத்தா இன்னிக்கு முடியாது.

போன வருசம் என் சித்தப்பா பையன் ஆபீஸ் டூர்ல தாய்லாந்து போயிட்டு வந்தான். டிபில புலி முதுகுல கைய வெச்சிகினு ஒரு ஃபோட்டோ. குடும்ப குரூப்புல எல்லாரும் "வேற லெவல்", "எங்க வீட்டு புலி"ன்னு போட்டாங்க. நான் மட்டும் தனியா ஃபோன் பண்ணி "ஏன்டா, அந்த புலி ஏன் உன்ன கடிக்கல, யோசிச்சியா"ன்னேன். "பழகிடுச்சுணா"ன்னான். அதே தாய்லாந்துல புலிக் கோயில்னு ஒரு எடம், சாமியார்ங்களோட புலி கொஞ்சி வெளையாடுதுன்னு ஒலகமே போய் ஃபோட்டோ எடுத்துச்சு. 2016ல ரெய்டு பண்ணி 100க்கும் மேல புலிங்கள வெளிய கொண்டாந்தாங்க, உள்ள ஃப்ரீசர்ல 40 செத்த புலிக்குட்டிங்க. இத சொன்னதும் அவன் "நான் போனது அந்த எடம் இல்லணா"ன்னான். இல்லதான். டிபியும் மாத்தல.

வெளிநாட்ட சொல்லுவானேன், சென்னை ஈசிஆர்லயே தொண்ணூறு கடைசியில டால்ஃபின் ஷோ வெக்கறோம்னு வெளிநாட்டுல இருந்து டால்ஃபின் கொண்டாந்தாங்க, சில மாசத்துலயே எல்லாம் செத்துப்போச்சு. 2013ல டால்ஃபின் ஷோவுக்கு அனுமதியே கெடையாதுன்னு மத்திய அரசு சொல்லிடுச்சு. அது நல்லது.

நான் ஜூவே வேணாம்னு சொல்ற ஆளு இல்ல. சொல்ல முடியல. எங்க ஆயா மெட்ராஸ்ல இருந்த காலத்துல மியூசியத்துக்கு செத்த காலேஜ்னும் ஜூவுக்கு உயிர் காலேஜ்னும் பேரு, 1855ல அந்த மியூசியம் காம்பவுண்டுக்குள்ளயே ஆரம்பிச்சது அது. அந்த உயிர் காலேஜ் 1985ல வண்டலூருக்கு போயி, 500 ஹெக்டேருக்கு மேல மரமும் பள்ளமுமா ஆனப்பறம் போன ஜனங்க பொலம்புனது எனக்கு நல்லா ஞாபகம் கீது. "இன்னா ஜூவு இது, கிலோமீட்டர் கணக்குல நடக்க வுட்டான், புலி எங்கியோ பொதருல படுத்துகினு கீது, ஒண்ணும் தெரியல." எடம் மிருகத்துக்கு நல்லாயிருந்தா நமக்கு ஒண்ணும் தெரியாது, நமக்கு நல்லா தெரிஞ்சா அது மிருகத்துக்கு ஆவாது, பாதி நேரம் இப்பிடித்தான் கீது கணக்கு. முதலையவே எடுத்துக்கோங்க, 1976ல மகாபலிபுரம் ரோட்டுல முதலைப் பண்ணை ஆரம்பிச்சப்ப நம்ம ஆறு கொளங்கள்ல முதலை அழிஞ்சிகினு இருந்துச்சு, அடைச்சி வெச்சிதான் பெருக்குனாங்க. பெருக்கி பெருக்கி, இப்ப வுடறதுக்கு ஆறு எங்க கீது? எங்க பாலாத்துலயா?

அமிர்தில அந்த வாட்சர்கிட்ட கொஞ்ச நேரம் பேசிகினு இருந்தேன். கோவம் எறங்கி, பீடி பத்த வெக்கலாமா வேணாமான்னு கையில உருட்டிகினு இருந்தாரு. "இந்த மானெல்லாம் அவுத்து வுட்டுட்டா இன்னாண்ணா"ன்னு கேட்டேன். "சார், வெயில் காலத்துல மலை மேல இருந்து மானு தண்ணிக்கு எறங்கி வரும், ஊர்ல நாயி நாலா கிழிச்சிடும், இல்ல கெணத்துல விழும். காட்டுல கீற மானுக்கே இந்த கதி. இதுக்கு நாயின்னா இன்னான்னு கூட தெரியாது." கொஞ்சம் நிறுத்திட்டு, "மிருகத்த பாத்துக்கறது ஒரு வேலையே இல்ல சார், உங்கள பாத்துக்கறதுதான் வேலை"ன்னாரு. உங்களன்னு என்னையும் சேத்துதான் சொன்னாரு.

2024 ஜூன்ல திருப்பத்தூர் டவுன்ல ஒரு சிறுத்தை ஸ்கூல் பக்கம் பூந்து கடைசியில ஒரு கார் ஷெட்டுல பதுங்கிச்சே, அன்னிக்கு வந்த வீடியோலாம் பாத்தீங்கன்னா அவர் சொன்னது புரியும். சிறுத்தை எப்பிடியாச்சும் யாரு கண்ணுலயும் படாம ஒளிய பாக்குது, ஊரு பூரா ஃபோனத் தூக்கிகினு சுவரு மேல.

திரும்ப முதலைகிட்ட வந்தோம். கூட்டம் கொறஞ்சிடுச்சு. பையன சுவரு பக்கத்துல நிக்க வெச்சி, அந்த கண்ணுல தோலு வந்து மூடுறத பாக்கலாம், பொறுமையா இருந்தா தெரியும்னேன். ஒரு அஞ்சு நிமிசம் பாத்தான். முதலை வாயத் தொறந்துகினு இருந்துச்சு, ஒரு மைனா வந்து அதுக்கு ரெண்டு அடி தள்ளி நடந்துட்டு போச்சு. பையன் ஒரு கால்ல நின்னான், இன்னொரு கால்ல நின்னான், சுவத்த சொரண்டுனான். "மாமா, இது எப்ப எழுந்திரிக்கும்?" "எழுந்திரிக்காதுடா." "அப்ப ஐஸ்கிரீம்?" சரின்னு கூட்டிகினு வெளிய வந்தேன். கேட்டாண்ட ஒரு குரங்கு அந்த ஐஸ்கிரீம புடுங்கிகினு மரத்துல ஏறிடுச்சு. பையன் மொதல்ல அழுதான், அப்பறம் குரங்கு அத நக்கறத பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சான், நானும்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பு கூட கழட்டல, எங்க அம்மா மடியில போய் விழுந்துட்டான். "ஆயா, அங்க ஒரு முதலை, இவ்ளோ பெருசு, வாயத் தொறந்துகினு மாமாவ கடிக்க வந்துச்சு, நான்தான் கல்லு போட்டு தொரத்துனேன்"ன்னான். அம்மா "அப்பிடியா என் ராசா"ன்னு அவன் கன்னத்த வழிச்சி நெட்டி முறிச்சாங்க. பின்னாடி சுவத்துல நைனா ஃபோட்டோ. நான் ஹெல்மெட்ட மாட்டிட்டு உள்ள போயிட்டேன், ஒண்ணும் சொல்லல.